ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்ப்பு: இராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

உச்சிப்புளியில் எங்கள் வீட்டு முன்னறையில் நாலடித் தொட்டி ஒன்று பதினோரு வருடமாக ஓடுகிறது. மஞ்சளும் நீலமுமாக ஆப்பிரிக்கன் சிக்லிட் மீன்கள் கல்லிடுக்கில் புகுந்து புறப்படுவதைத் தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள். மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கமிருந்து போனிலும் கேட்பார்கள். கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறவர்களுக்குச் சொல்லும் பதில் இங்கே பாதிதான் பொருந்துகிறது. காரணம் நம் தண்ணீர். அதனால் நம் பக்கத்துக்கென்றே இதை எழுதுகிறேன்.

இது கடல் மீன்தானே? நம்ம பவளப்பார் ஓரத்துல திரியிற கலர் மீன் மாதிரியே இருக்கே?

இல்லை, நன்னீர் மீன். ஆழமான ஏரியில் வாழ்வது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மலாவி, தாங்கனிக்கா, விக்டோரியா என்று மூன்று பெரிய ஏரிகள் உண்டு. கடைகளில் 'ஆப்பிரிக்கன்' என்று விற்பதில் பெரும்பகுதி மலாவி ஏரியின் இனங்கள். அந்த ஏரி ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளம், 700 மீட்டர் ஆழம். மலாவி, மொசாம்பிக், தான்சானியா மூன்று நாடுகளும் அதன் கரையில் இருக்கின்றன. அந்த ஒரே ஏரிக்குள் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் உருவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லை. பாறைக்கரையில் பாசியைச் சுரண்டித் தின்னும் சிறிய மீன்களை அங்குள்ளவர்கள் 'ம்புனா' என்கிறார்கள். நம் தொட்டிகளில் அதிகம் இருப்பவை இவைதான்.

நிறத்தைப் பார்த்துக் கடல் மீன் என்று நினைப்பது நம் கடற்கரையில் ரொம்ப சகஜம். இங்கே மீன்கள் சாவதற்கு முதல் காரணமும் அந்த நினைப்புதான். அடுத்த கேள்வியைத் தவறாமல் படியுங்கள்.

எங்க வீட்டு போர் தண்ணி உப்பு. ஆப்பிரிக்கன் மீனுக்கு உப்புத் தண்ணிதான் நல்லதுன்னு கடையில சொன்னாங்க. அப்படியே ஊத்தலாமா?

கூடாது. எனக்கும் ஒரு கடையில் இதையேதான் சொன்னார்கள். நம்பி, போர் தண்ணீரை நேராக நிரப்பிப் பதினான்கு குஞ்சு விட்டேன். ஒன்பதாம் நாள் மூன்றுதான் மிச்சம். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு மேலே மிதந்தவற்றை என் மகள் எண்ணிக்கொண்டே இருந்தாள். அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

கடினத் தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கடினத் தண்ணீரில் கரைந்திருப்பது கால்சியமும் மக்னீசியமும். கூடவே பைகார்பனேட் இருந்தால் தண்ணீர் காரத்தன்மையோடு நிலையாக நிற்கும். சிக்லிட்டுக்கு வேண்டியது இதுதான். உப்புத் தண்ணீரில் மிகுந்திருப்பது சோடியம் குளோரைடு, அதாவது உப்பளத்தில் விளையும் அதே உப்பு. கடல் பக்கத்து நிலத்தடி நீரில் இரண்டும் கலந்திருக்கும். உப்புதான் ஓங்கியிருக்கும்.

மலாவி ஏரித் தண்ணீரின் பிஎச், அதாவது தண்ணீர் புளிப்பா காரமா என்று காட்டும் எண், சுமார் 7.8 முதல் 8.6 வரை. ஆனால் அதில் கரைந்திருக்கும் மொத்தப் பொருள், நாம் டிடிஎஸ் என்று சொல்கிறோமே, அது 200-க்கும் கீழே. நம் பக்கத்துப் போர்களில் 2000, 3000 என்று சர்வசாதாரணமாக மீட்டர் காட்டும். 'ஆப்பிரிக்கனுக்குக் காரத் தண்ணீர் வேண்டும்' என்பது நிஜம். அது வாய்மாறி 'உப்புத் தண்ணீர் வேண்டும்' என்று ஆனதுதான் கோளாறு.

வீட்டுத் தண்ணீர் எப்படி என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

அம்மாவிடம் கேளுங்கள். 'அந்தத் தண்ணியில பருப்பு வேகாது' என்றால் கடினம் அதிகம். வாயில் வைத்ததும் கரித்தால் உப்பு. இவ்வளவும் முதல் கணிப்புக்குப் போதும்.

அதற்குமேல் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். ஆனால் அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி வேண்டும்; பொதுக் கடினம் (கால்சியம், மக்னீசியம்), கார்பனேட் கடினம் (பைகார்பனேட்), பிஎச் மூன்றையும் பார்க்கலாம். மீன் வாங்கும் காசில் இரண்டு மீனைக் குறைத்துக்கொண்டு முதலில் இதை வாங்குங்கள் என்பேன்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் ஊற்றலாமா?

தாராளமாக ஊற்றலாம். நம் பக்கம் கிடைப்பதில் இந்த மீனுக்கு ஏற்றது அதுதான். இரண்டு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும்.

ஒன்று, குளோரின். வாயகன்ற டிரம்மில் பிடித்து, காற்று மோட்டார் போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்து உண்டு. அது சோடியம் தயோசல்பேட்.

இன்னொன்று, கார்பனேட் கடினம். மீன் கழிவு சேரச் சேரத் தொட்டித் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாயும். பைகார்பனேட் இருந்தால் அதைத் தாங்கும். உங்கள் தண்ணீரில் அது ஐந்து டிகிரிக்குக் (இது சூடு அல்ல, கடினத்தின் அளவு) கீழே இருந்தால், 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடா போட்டால் மூன்று நான்கு டிகிரி ஏறும். பொதுக் கடினம் குறைவென்றால் 100 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு அல்ல). இரண்டையும் மாற்றப்போகும் புதுத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், மீன் இருக்கும் தொட்டியில் நேராகக் கொட்டக்கூடாது. பிஎச்சை 8.2-க்கு இழுத்தே தீருவேன் என்று தினமும் சோடா போடுகிறவர்களைப் பார்க்கிறேன். 7.8-ல் அசையாமல் நிற்கும் தண்ணீர், காலையில் 8.4 மாலையில் 7.6 என்று ஆடும் தண்ணீரைவிட எத்தனையோ மேல்.

குடிக்கவே தண்ணீர் வண்டி எப்போது வரும் என்று காத்திருக்கிறோம். மீனுக்கு எவ்வளவு செலவாகும்?

இந்தக் கேள்வியை ஒரு தங்கச்சி கேட்டாள். அவள் கணவர்தான் தொட்டி வைக்க ஆசைப்பட்டவர். கேட்க வேண்டிய கேள்வி இது, ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

நாலடித் தொட்டி 250 லிட்டர். வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்ற வேண்டும். கிட்டத்தட்ட 65 லிட்டர், அதாவது ஐந்து குடம். மாதம் இருபது குடத்துக்கு மேல். கோடையில் ஆவியாவது தனி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் எவ்வளவு தூரம் போய்வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும். அப்படி வரும் தண்ணீரை மீன்தொட்டிக்கு எடுக்கக்கூடாது. வீட்டில் குடம் தூக்குகிறவர் சரி என்று சொல்லாமல் தொட்டி வாங்காதீர்கள்.

வழி இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து பிடித்து வையுங்கள். முதல் மழையை ஓடவிட்டு, இரண்டாம் மழையிலிருந்து பிடியுங்கள். மழைத் தண்ணீரில் கடினமே இல்லை, நம் போர் தண்ணீரிலோ அளவுக்கு மீறி இருக்கிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டும். எங்கள் போர் 2400 காட்டும். அதில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு மழைத் தண்ணீர் சேர்த்தால் 400-ல் வந்து நிற்கிறது. உங்கள் கலவையை மீட்டரில் பார்த்து 800-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் அதே அளவில் கலக்குங்கள்.

வெளியேற்றும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள். மீன் கழிவு நல்ல உரம். எங்கள் வீட்டு முருங்கையும் இரண்டு தென்னையும் அந்த ஐந்து குடத்தில்தான் நிற்கின்றன. மருந்து போட்ட தண்ணீரை மட்டும் மரத்துக்கு ஊற்ற வேண்டாம்.

ஆர்.ஓ. கேன் தண்ணீர்?

தனியாக ஊற்றக்கூடாது. தாதுக்களை எடுத்துவிட்ட தண்ணீர், பிஎச் நிலைக்காது. மழைத் தண்ணீரைப் போலக் கலவைக்குப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் தண்ணீரை 'வீணாகத்தானே போகிறது' என்று தொட்டிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.

பிஎச் ஏறுவதற்குப் பவளக்கல் போடச் சொல்கிறார்கள். நம்ம கரையில கிடக்கிறதைப் பொறுக்கிப் போடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

உலகம் முழுக்கச் சிக்லிட் வளர்ப்பவர்கள் பவளத்துண்டு போடுவது உண்மை. அது கால்சியம் கார்பனேட், மெல்லக் கரைந்து தண்ணீரைக் காரமாக வைத்திருக்கும். ஆனால் நாம் இருப்பது மன்னார் வளைகுடாக் கரை. இங்குள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. கடினப் பவளங்கள் 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. செத்துக் கரையொதுங்கிய துண்டாக இருந்தாலும் எடுத்து வைத்திருப்பது குற்றம்.

சட்டத்தை விடுங்கள். அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் சுற்றியிருந்த பவளத்தை வெட்டியெடுத்ததே அதற்குப் பெரிய காரணம். அலையைத் தடுத்து நின்ற பாரை எடுத்துவிட்டால் மணல் எப்படி நிற்கும்? ஆப்பிரிக்க ஏரி மீனுக்காக நம் பாரை உடைப்பதை என்னால் ஏற்க முடியாது.

மாற்று சுலபம். சுண்ணாம்பு வேகவைக்க விற்கும் கிளிஞ்சல் கடையில் காசு கொடுத்து ஒரு கிலோ வாங்குங்கள். கொதிக்க வைத்து, நாலைந்து தண்ணீரில் அலசி, வலைப்பையில் கட்டி வடிகட்டிக்குள் வைத்தால் பவளம் செய்யும் வேலையைச் செய்யும். சுண்ணாம்புக் கல்லும் ஆகும். கல் சுண்ணாம்புக் கல்தானா என்று பார்க்க எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள், நுரைக்கும். கரைமணலும் வேண்டாம். சலித்த ஆற்று மணல் இரண்டு பை போதும்.

தொட்டி எவ்வளவு பெரியது வேண்டும்?

ம்புனாவுக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதற்குக் குறைவாக ஆரம்பிக்காதீர்கள். இந்த மீன் உயரத்தைப் பார்ப்பதில்லை, நீளத்தில் எல்லை பிரித்துக்கொள்கிறது. கண்ணாடி 10 மில்லிமீட்டர் போடச் சொல்லுங்கள். தண்ணீர் மட்டுமே 250 கிலோ, கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் 300-ஐத் தாண்டும்.

இரும்பு ஸ்டாண்ட் நம் உப்புக்காற்றுக்கு நிற்காது. ஹாலோ பிளாக் அடுக்கி மேலே கடப்பா கல் போடுங்கள். துருவும் இல்லை, செலவும் குறைவு.

உள்ளே கருங்கல் குவியல் வேண்டும், குகையும் சந்துமாக. கல்லை மணல்மேல் அடுக்காதீர்கள். இவை மணலைத் தோண்டும். கல் சரிந்தால் கண்ணாடி போய்விடும். அடிக்கண்ணாடியில் மெல்லிய தெர்மாகோல் விரித்து, அதன்மேல் கல், பிறகுதான் மணல். மீன் ஏற்றும் பெட்டி உடைந்தது ஒன்று கரையில் கிடைக்காமலா போகும்?

எந்தெந்த மீன் சேர்த்து வாங்கலாம்? 'மிக்ஸ் ஆப்பிரிக்கன்' என்று குஞ்சுகளை மொத்தமாகத் தருகிறார்களே?

மிக்ஸ் வாங்காதீர்கள். அந்தப் பையில் கெனியி, ஆரேடஸ் என்று முரட்டு இனங்கள் இரண்டாவது இருக்கும். குஞ்சில் எல்லாம் சாதுவாகத்தான் தெரியும். ஆரேடஸ் குஞ்சு மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டு அத்தனை அழகாக இருக்கும். ஆண் வளர்ந்ததும் கறுத்துப்போய், தொட்டியில் வேறு எவனையும் இருக்கவிடாது. கெனியியில் குஞ்சும் பெண்ணும் நீலம், வளர்ந்த ஆண் மஞ்சள். நீல மீன் வாங்கினேன், மஞ்சளாகிவிட்டது, நோயா என்று ஒருவர் பதறிக்கொண்டு கேட்டார். நோயில்லை, அது ஆண்.

முதல் தொட்டிக்கு நான் சொல்வது: எலக்ட்ரிக் எல்லோ, வெளிர்நீல சோகோலோஃபி, ரெட் ஸீப்ரா. இனத்துக்கு ஐந்தாறு, ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கு. எலக்ட்ரிக் எல்லோ இந்தக் கூட்டத்திலேயே சாது. அதன் மஞ்சள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். எல்லோவும் ரெட் ஸீப்ராவும் சிலநேரம் கலந்து இனப்பெருக்கம் செய்யும். அந்தக் குஞ்சுகளை இனம் சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பீகாக் எனப்படும் மயில்நிற வகை தனிக் குணம். நிறம் கொள்ளை அழகு, ஆனால் மென்மையானது. ம்புனாவோடு விட்டால் ஒதுங்கி நின்று நிறம் மங்கிவிடும். அதற்கென்று தனித் தொட்டி வையுங்கள். ஒரு அங்குலக் குஞ்சே பளபளவென்று முழு நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஹார்மோன் கொடுத்து நிறமேற்றியிருக்கலாம். சில மாதத்தில் வெளுக்கும்.

லிவிங்ஸ்டோனி என்று ஒன்று வரும். ஏரியில் அது செத்த மீனைப்போல அடியில் சாய்ந்து கிடக்கும். தின்னலாமென்று சிறிய மீன்கள் கிட்டே வந்ததும் எழுந்து பிடிக்கும். அதற்கு அங்கே 'தூங்குகிறவன்' என்று பொருள்படும் பெயர். பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஓரடிக்குக் கிட்டத்தட்ட வளரும், நாலடித் தொட்டியில் அடங்காது.

இரண்டடித் தொட்டிதான் வைக்க இடம் இருக்கிறது.

அப்படியானால் ம்புனாவை மறந்துவிடுங்கள். தாங்கனிக்கா ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் குட்டி சிக்லிட் உண்டு, மல்ட்டி என்பார்கள். நாலைந்து சென்டிமீட்டர்தான். மணலை வாயால் அள்ளி அள்ளி ஓட்டைப் புதைத்து வீடு கட்டும்; மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம். ஓட்டுக்குக் கடல் சங்கைத் தேட வேண்டாம், அவற்றிலும் சில இனங்கள் பாதுகாக்கப்பட்டவை. நம் வயல் நத்தை ஓடு அதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். வேகவைத்துக் கழுவிப் போடுங்கள். தாங்கனிக்கா தண்ணீர் மலாவியைவிடக் கடினம், பிஎச் 8.5-க்கு மேல். கிளிஞ்சலைக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

தொட்டி தயார். இன்றைக்கே மீன் விடலாமா?

ஒரு மாதம் பொறுக்க வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

எல்லாத் தொட்டிக்கும் இது பொது. ஆனால் நமக்கு இது இன்னும் முக்கியம். அம்மோனியாவின் நஞ்சு பிஎச்சும் சூடும் ஏற ஏறக் கூடும். 30 டிகிரி சூட்டில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 8.2 என்றால் நூற்றில் பதினொன்று. தங்கமீன் தாங்கிய அழுக்கை, அதே அறையில் சிக்லிட் தாங்காமல் போவது இதனால்தான்.

நன்றாக ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் பழைய வடிகட்டி ஸ்பாஞ்ச் ஒன்று கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வையுங்கள், காலம் பாதியாகக் குறையும். உச்சிப்புளிப் பக்கம் வந்தால் என்னிடமே வாங்கிக்கொள்ளலாம். வடிகட்டி மணிக்கு 1500 முதல் 2000 லிட்டர் தள்ள வேண்டும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

ஓயாமல் சண்டை போடுகின்றன. ஒன்றின் வால் முழுக்கக் கிழிந்துவிட்டது.

மீன் எத்தனை? ஐந்தாறு என்றால் அதுதான் காரணம். இதில் மட்டும் கணக்கு தலைகீழ். கூட்டம் சேர்ந்தால் அடி ஒருவன் மேலேயே விழாது. 250 லிட்டரில் பதினைந்திலிருந்து இருபது வரை நான் வைக்கிறேன், வடிகட்டி அதற்கு ஈடுகொடுப்பதால். அதற்கும் அடங்காத ஆணைப் பிடித்து ஒரு வாரம் வேறு வாளியில் வைத்து, அதற்குள் கல்லையெல்லாம் இடம் மாற்றி அடுக்குங்கள். திரும்பி வரும்போது அவனுடைய எல்லை அங்கே இருக்காது. கிழிந்த வால் சுத்தமான தண்ணீரில் தானே வளரும்.

நம்மூரில் நெத்திலிக்கும் இறால் தலைக்கும் பஞ்சமில்லை. அதைக் கொடுக்கலாமா?

ம்புனாவுக்குக் கூடாது. வீட்டில் வலை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லும்போது முகம் வாடிவிடுகிறது, தெரியும். பாறைப்பாசியைச் சுரண்டித் தின்றே பழகிய மீன், அதன் குடல் நீளம். கொழுத்த மீன் சதையும் கருவாட்டுத் தூளும் உள்ளே தங்கிக் கெட்டுப்போகும். வயிறு வீங்கி, சாப்பாட்டைத் துப்பி, வெள்ளை நூல்போலக் கழித்து, ஓரமாக ஒதுங்கி நிற்கும். மலாவி வீக்கம் என்று சொல்வது இதைத்தான். வந்தபிறகு மீள்வது கடினம். உணவை நிறுத்தி, தண்ணீரைக் கூடுதலாக மாற்றி, மெட்ரோனிடசோல் மருந்தை விவரம் தெரிந்தவரிடம் அளவு கேட்டுக் கொடுக்க வேண்டும். முதல் நாளிலேயே கவனித்தவர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சுருள்பாசி கலந்த உருண்டைத் தீவனம்தான் அன்றாட உணவு. காலை, மாலை, ஒரு நிமிடத்தில் தீரும் அளவு. வாரம் ஒருநாள் வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி அல்லது பாலக்கீரை. மண்டபம் பக்கத்து அக்காமார் எடுக்கும் கஞ்சிப்பாசியை நன்றாக அலசி உப்பு போக ஊறவைத்துக் கொஞ்சமாகக் கொடுத்தேன், எல்லோக்கள் கொத்தித் தின்றன. பீகாக் பூச்சி புழு தின்னும் வகை. அதற்கு நறுக்கிய இறால் எப்போதாவது ஆகும்.

சித்திரை, வைகாசிச் சூட்டில் என்ன செய்வது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் அந்த 61 நாளில்தான் நிறையப்பேர் தொட்டி வாங்குகிறார்கள். மீனுக்கு அதைவிடக் கெட்ட காலம் இல்லை. இவை கேட்பது 24 முதல் 28 டிகிரி. மே மாதம் நம் வீட்டுத் தொட்டி 32-ஐத் தொடும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32-ல் 7.3 தான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும்.

தொட்டியை மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சிறிய மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துத் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறையும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்குநாள் உப்பு ஏறி, ஒரு மாதத்தில் தொட்டி பாத்தி கட்டிய உப்பளம் மாதிரி ஆகும். ஆவியான அளவை மழைத் தண்ணீராலோ ஆர்.ஓ. தண்ணீராலோ மட்டும் ஈடுசெய்யுங்கள்.

கரண்ட் போனால் பேட்டரி காற்று மோட்டார் கைவசம் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே தீவனத்தை நிறுத்துங்கள். வயிறு காலியாக இருக்கும் மீன் அழுக்கும் குறைவாகச் சேர்க்கும், ஆக்சிஜனும் குறைவாகக் கேட்கும். ஹீட்டர் நமக்குத் தேவைப்படாது.

கரண்ட் பில்?

25 வாட் மோட்டார், 5 வாட் காற்று மோட்டார் நாள் முழுக்க. 20 வாட் விளக்கு எட்டு மணி நேரம். இரண்டு மாதக் கணக்கில் 53 யூனிட் வரும்.

ஒரு மீன் சாப்பிடாமல், தாடை உப்பி நிற்கிறது. நோயா?

வால் விறைப்பாக, கண் தெளிவாக, தாடையை மென்றுகொண்டே இருக்கிறதா? அப்படியானால் வாய்க்குள் பிள்ளைகள்! மலாவி சிக்லிட்டில் தாய்தான் முட்டையை வாயில் சுமக்கும். நம் கடல் கெளுத்தியை அறுக்கும்போது வாய்க்குள் கோலிக்குண்டு மாதிரி முட்டை பார்த்திருப்பீர்கள். அங்கே சுமப்பது தகப்பன், இங்கே தாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏறக்குறைய மூன்று வாரம் அவள் எதையும் சாப்பிடமாட்டாள். விரட்டாமல் மெதுவாக, சின்னத் தொட்டிக்கு மாற்றுங்கள். கல்லிடுக்கும் காற்றும் இருந்தால் போதும். குஞ்சுகள் வெளியே வந்து நீந்தும்போது, மெலிந்துபோன தாயை உடனே பழைய கூட்டத்தில் விடாமல் சில நாள் தனியே வைத்துத் தேற்றுங்கள். குஞ்சுக்கு ஆர்டீமியா எனும் நுண்ணிய உப்புநீர் இறால் அல்லது பொடித்த சுருள்பாசித் தீவனம். முதன்முதலாக எங்கள் எல்லோ இருபத்துமூன்று குஞ்சு விட்டபோது வீட்டில் யாரும் அன்று மதியம் சாப்பிட உட்காரவில்லை.

குஞ்சு பெருகிவிட்டது. கண்மாயில் விட்டுவிடலாமா?

ஒருபோதும் கூடாது. கண்மாயிலும் ஊருணியிலும் இப்போது எந்த மீன் அதிகம் விழுகிறது? ஜிலேபி கெண்டை. அதுவும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான், மொசாம்பிக் நாட்டுத் திலாப்பியா. 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. நம் மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே அந்தக் காலத்தில் அதை வளர்த்து ஆராய்ந்தார்கள். மக்களுக்கு மலிவாகப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். நம் கெண்டைக்கும் குரவைக்கும் இருந்த இடத்தை அது எடுத்துக்கொண்டதை நாமே பார்க்கிறோம். ஆப்பிரிக்காவிலும் இதே கதை: விக்டோரியா ஏரியில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நைல் பெர்ச் மீன், அங்கு மட்டுமே இருந்த எத்தனையோ சிக்லிட் இனங்களை இல்லாமல் ஆக்கியது.

குஞ்சை மதுரைக் கடைகளில் எடுத்துக்கொள்வார்கள், அல்லது தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். யாரும் இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். மழைக்காலத்தில் முற்றத்துச் சிமெண்ட் தொட்டி நிரம்பி வழிந்து வாய்க்காலில் மீன் போகாதபடி வலை கட்டுங்கள்.

பெருநாளுக்கு ஒரு வாரம் வெளியூர் போகிறோம். பக்கத்து வீட்டில் தீவனம் போடச் சொல்லவா?

வேண்டாம் காக்கா. வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. தெரியாதவர் அன்பினால் இரண்டு பிடி அள்ளிப் போட்டால்தான் தண்ணீர் கெடும். போவதற்கு முந்தின நாள் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, கரண்ட் போய்வந்தபின் மோட்டார் மறுபடி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.